எஞ்சின் விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

காய்கறி, பூ, பால் ஆகியவற்றைச் சந்தைக்குக் கொண்டு செல்ல விவசாயிகள் பலர் இன்று சொந்தமாகச் சிறிய லோடு வண்டி வைத்திருக்கிறார்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி விற்கப்படும் இவ்வண்டிகளில் எஞ்சினைக் கண்காணிக்க ஒரு சிறு கம்ப்யூட்டர் உண்டு. அதற்கு முன் வந்த பல வண்டிகளிலும் இது இருக்கிறது. கோளாறு கண்டால் ஓட்டுநருக்கு முன்னால் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். கோளாறுக்குரிய எண்ணும் உள்ளே பதிவாகும். விளக்கைக் கண்டு பதற வேண்டாம், அலட்சியமும் கூடாது.

எண் சொல்வது என்ன?

ஸ்டியரிங்கின் கீழ்ப்புறத்தில் உள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனர் கருவியைச் செருகினால் எண் தெரியும். எண்ணின் முன்னால் 'பி' என்ற எழுத்து இருந்தால் கோளாறு எஞ்சின் அல்லது கியர் பகுதியைச் சேர்ந்தது.

ஆனால் எந்தச் சாமானை மாற்ற வேண்டும் என்பதை எண் சொல்லாது. இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவும் காரணமாகலாம்; வேரில் நீர் தேங்கியதும் காரணமாகலாம். பார்க்காமல் யூரியா இட்டால் பணம்தான் வீண். எஞ்சின் எண்ணும் அப்படியே. அது அறிகுறி மட்டுமே. காரணத்தைத் தேடிக் காண வேண்டும்.

மூன்று உதாரணங்கள்

பி 0087: டீசல் அழுத்தம் போதவில்லை. உடனே உயர் அழுத்தப் பம்பை மாற்றச் சம்மதிக்காதீர்கள். முதலில் டீசல் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, அதில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா, டீசல் வரும் வழியில் காற்று புகுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேனில் வைத்திருந்த டீசலை ஊற்றுபவர்கள் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று அவசியம் கவனிக்க வேண்டும். ஃபில்டரைவிடப் பம்பு பல மடங்கு விலை.

பி 0301: முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள பெட்ரோல் எஞ்சினில், முதல் காயிலையும் இரண்டாவது காயிலையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்க்கலாம். எண் 0302 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை அவ்வாறே சோதிக்க வேண்டும்.

பி 0562: மின்சாரம் குறைவு. பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சுத்தம் செய்து இறுக்கவும். பிறகு பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்கவும்.

தானியக் கொட்டகையில் வண்டியை நிறுத்துபவர்கள், எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்ப்பது நல்லது. எந்த எண் வந்தாலும் ஒயரையும் இணைப்புகளையும் பார்த்த பிறகே சாமான் வாங்க வேண்டும்.

எச்சரிக்கை

பழைய பம்புசெட் எஞ்சினில் ஓடும்போதே டீசல் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம். காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும்.

மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே எஞ்சினை அணைக்க வேண்டும். சூடேறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

எண்ணை அழிப்பதற்கு முன் ஒரு தாளில் குறித்து வாங்குங்கள். பாட்டரி ஒயரைக் கழற்றினால் பல வண்டிகளில் பதிவு அழிந்துவிடும், கோளாறு தீராது. எந்தச் சோதனை செய்து இந்தச் சாமான் கெட்டது என்று முடிவு செய்தீர்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். பழுது பார்த்தபின் எண்ணை அழித்து, சில நாட்கள் லோடோடு ஓட்டிப் பாருங்கள். அதே எண் திரும்ப வந்தால் உண்மைக் காரணம் இன்னும் அகப்படவில்லை என்று பொருள்.