அண்டர்சனின் சாய்ந்த சில்லுகள்

அப்புத்தளையில் பந்து கைநழுவினால் தேயிலைக்குள் இறங்கித்தான் தேட வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேலே இருக்கும் இந்த ஊரில், லயத்திலிருந்து றோட்டுக்கு வருவதற்கே படி ஏற வேண்டும். இங்கிருந்து பார்த்தால், 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமுமான ஒரு தட்டைத் தரையே பெரிய சொகுசுதான். அப்படியொரு தரையில் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து ஆடி, அந்த ஆட்டத்தின் தலைசிறந்த வீரர் என்று பலராலும் சொல்லப்படுபவர் கனடாவின் பட்ரிக் அண்டர்சன்.

1979இல் பிறந்தவர். ஒன்பது வயதில், குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த வாகனம் மோதி இரண்டு கால்களையும் முழங்காலுக்குக் கீழே இழந்தார். 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ், 2012 லண்டன் பராலிம்பிக் போட்டிகளில் தங்கம், 2008இல் வெள்ளி. லண்டன் இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியாவைக் கனடா 64-58 என்று வென்றபோது 34 புள்ளிகள் இவர் ஒருவருடையவை. 2024இல் பாரிசிலும் ஆடினார், 45 வயதில்!

அவருடைய நாற்காலியை உற்றுப் பாருங்கள். சில்லுகள் நேராக நிற்பதில்லை. மேலே உள்ளே சாய்ந்து, கீழே அகல விரிந்திருக்கும். அடி அகன்றதால் பக்கவாட்டில் எளிதில் கவிழாது, சட்டென்று திரும்பும். இரண்டு நாற்காலிகள் மோதினால் சில்லின் அடிவிளிம்புகளே முதலில் முட்டும், விரல்கள் தப்பும். பின்னால் ஒரு குட்டிச் சில்லு மல்லாந்து விழாமல் தடுக்கும். உடலை நாற்காலியோடு பட்டியால் இறுக்கியிருப்பதால் இடுப்பை வெட்டினால் நாற்காலியும் வெட்டும். சரிந்து விழுந்தாலும் அண்டர்சன் தரையில் கையை ஊன்றித் தானே எழுந்துவிடுவார்.

வளையத்தின் உயரம் எல்லோருக்கும் 3.05 மீற்றர்தான். உட்கார்ந்திருப்பவருக்காக அதை யாரும் இறக்கிக் கொடுப்பதில்லை. தண்ட எறிகோட்டில் நிற்பவரின் கையிலிருந்து பந்து 2.1 மீற்றர் உயரத்திலும், உட்கார்ந்தவரின் கையிலிருந்து 1.5 மீற்றர் உயரத்திலும் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். பௌதிகவியல் கணக்குப்படி, உட்கார்ந்தவர் பந்துக்குச் சுமார் 15 சதவீதம் கூடுதல் சக்தி கொடுக்க வேண்டும். கோணமும் சற்றுச் செங்குத்தாக வேண்டும். கால்கள் தரும் உந்தல் கிடையாது. எல்லாம் தோளும் மணிக்கட்டும்தான்.

இந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது இயந்திரமல்ல, ஒரு விதி. இயலாமை கூடியவருக்கு 1.0, குறைந்தவருக்கு 4.5 என்று புள்ளி கொடுப்பார்கள். களத்தில் இருக்கும் ஐவரின் கூட்டுத்தொகை 14ஐத் தாண்டக்கூடாது. அண்டர்சன் 4.5 வகுப்பு; மற்ற நால்வருக்கும் மிஞ்சுவது 9.5. ஆகவே குறைந்த புள்ளி கொண்டவர், அதாவது இயலாமை கூடுதலானவர், இல்லாமல் அணியே அமையாது. அவரை யாரும் இரக்கப்பட்டுச் சேர்ப்பதில்லை, கணக்கு அவரைக் கேட்கிறது.

நம் ஊருக்கு வருவோம். ஆளும் நாற்காலியுமாக 80 கிலோ என்றால், 12க்கு 1 என்ற சாய்வில் நிறுத்திப் பிடிக்கவே ஆறரைக் கிலோவைத் தூக்கும் விசை வேண்டும். 6க்கு 1 என்றால் அது இரட்டிப்பாகி 13 கிலோ ஆகிவிடும். நம் பாதைகள் பல இதைவிடச் செங்குத்து. மலையை வெட்ட முடியாதுதான். ஆனால் பாடசாலையிலோ தோட்ட வைத்தியசாலையிலோ புதிதாகக் கட்டிடம் எழுப்புகிறவர்கள், வாசல் ஒரு மீற்றர் உயரமென்றால் சாய்தளத்துக்கு 12 மீற்றர் நீளம் ஒதுக்குங்கள். வரைபடம் கீறும்போதே ஒதுக்குங்கள்.