லாண்ட்மாஸ்டரின் அச்சு

புன்னாலைக்கட்டுவன், உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களினூடே செல்பவர், மாட்டுக் கொட்டிலில் ஒரு பாதியைத் தனதாக்கிக்கொண்டு நிற்கும் இருசக்கர உழவு இயந்திரம் ஒன்றைக் காணாமல் திரும்புவது அரிது. அது யப்பானில் பிறந்திருப்பினும் சீனத்தில் பிறந்திருப்பினும் நம்மவர் வாயில் அதன் பெயர் 'லாண்ட்மாஸ்டர்' என்பதே. வணிகப் பெயர் இவ்வாறு பொதுப்பெயரானதற்குக் காரணம் உண்டு. கேம்பிரிட்ஜில் பொறியியல் பயின்ற இலங்கையரான றே விஜேவர்த்தன 1950களில் வகுத்த இருசக்கர உழவு இயந்திரம், இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியில் அப்பெயருடன் உருவாகிப் பல நாடுகளுக்கும் சென்றது. பிற்காலத்தில் அவரே, நிலத்தை உழத்தான் வேண்டுமா என்று வினவி, உழாத வேளாண்மையின்பால் திரும்பினார் என்பது வேறு கதை. அவர் மனம் மாறிய பின்னரும் அவருடைய இயந்திரம் உழுதுகொண்டேயிருந்தது.

எம் அயலவர் ஒருவரின் கொட்டிலில் அத்தகைய பழைய இயந்திரம் ஒன்று நிற்கிறது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின்போது, மோட்டார் வண்டிகளை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகிய குடாநாட்டின் பொறுமை முழுவதையும் அது கண்டிருக்கிறது. அண்மையில் அதன் வலச்சக்கரத்தின் உட்புறத்தில், அச்சுத் தண்டு கியர்ப் பெட்டியினின்று வெளிவரும் இடத்தில், எண்ணெய் கசியத் தொடங்கியது. ஒயில் சீல் எனப்படும் இறப்பர் வளையத்தை ஒரே போகத்தில் இருமுறை மாற்றியும் கசிவு நிற்கவில்லை. மூன்றாம் முறை வந்த மெக்கானிக், சக்கரத்தைக் கழற்றியதும் சொன்னார்: "சீலிலை பிழையில்லை, அண்ணை. அதைக் கொல்லுறது வேறை ஆள்."

அந்த 'வேறை ஆளை' அவர் தேடிய முறையே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தார். பெயாரிங் தேய்ந்திருந்தால் தண்டு ஆடும்; ஆடும் தண்டின் மேல் எந்த இறப்பர் உதடும் படிந்திருக்க மாட்டாது. இங்கே ஆட்டமில்லை. அடுத்து, சீலுக்கு வெளியே தண்டைச் சுற்றியிருந்த அழுக்கைக் கத்திமுனையால் கிண்டினார். கோரைப்புல்லும், உரப்பையினின்று பிரிந்த நூலும் கயிறாக முறுகிக் கிடந்தன. தண்டு சுழலச் சுழல, அந்த நூல் உதட்டின் அடியில் புகுந்து அறுத்திருக்கிறது. பின்னர் கியர்ப் பெட்டியின் தலையிலுள்ள சிறு மூச்சுத் துவாரத்தைப் பார்த்தார். செம்மண் அதனைச் சுவர்போல் அடைத்திருந்தது. உழும்போது பெட்டி சூடாகும். உள்ளிருக்கும் காற்று விரியும். விரியும் காற்றுக்கு மேலே வழியில்லையெனில் அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டு சீலின் வழியே வெளியேறும். எண்ணெயை அளவுக்கு மிஞ்சி நிரப்பினாலும் இதே கதிதான்; கசிகிறதே என்றஞ்சி அயலவர் அதையும் செய்திருந்தார்!

கடைசியாக நகத்தால் தண்டைத் தடவினார். ஓரிடத்தில் நகம் தடுக்கிற்று. பழைய சீல்கள் ஆண்டாண்டாக உராய்ந்து உருக்கிலேயே ஒரு மெல்லிய பள்ளம் வெட்டியிருந்தன. புதிய சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் என்ன பயன்? ஆதலால் இம்முறை சீலை ஓரிரு மில்லிமீற்றர் தள்ளி இருத்தி, அதன் உதடு தேயாத உருக்கின்மேல் படியச் செய்தார். சாவிப் பள்ளத்தின் கூர்விளிம்பு புதிய உதட்டைக் கிழியாதிருக்க, தண்டின்மேல் பொலித்தீன் தாளைச் சுற்றி, எண்ணெய் தடவி, மரக்கட்டை வைத்து நாற்புறமும் சமமாகத் தட்டினார். ஒருபுறமாகத் தட்டிச் சரித்துவிடுவோரே நம்மிடையே அதிகம்.

ஒரு துளி எண்ணெய்க்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். எண்ணெய் வெளியேறும் வாயிலாகவே நீர் உட்புகும். வன்னி வயலில் சேறடித்துத் திரும்பிய இயந்திரத்தின் கியர் எண்ணெய் பால்தேநீர் நிறங்கொண்டிருந்தால், பற்சக்கரங்களின் ஆயுள் எண்ணப்படுகிறது என்று பொருள். மற்றொன்று, நம் மண்ணுக்கே உரியது. ஆறில்லாத இக்குடாநாட்டில் குடிப்பதும் இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தங்கிய மழைநீரே. சுன்னாகம் மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு, 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு விதிக்கும் அளவுக்குச் சென்றது. உழவு இயந்திரத்தின் துளியை அதனோடு ஒப்பிடுவது மிகைதான். எனினும் அந்தக் கொட்டிலுக்கும் அயலவரின் கிணற்றுக்கும் இடையே பதினைந்து முழந்தான் இருக்கும்.

வடித்த எண்ணெயை மெக்கானிக் தகரப் பேணியில் ஏந்தி மூடி வைத்தார். மறுநாட் காலையில் அச்சின்கீழ் விரித்திருந்த பழைய பத்திரிகைத் தாளைப் போய்ப் பார்த்தோம். வலப்புறம் உலர்ந்திருந்தது. இடப்புறத்தில், ஐந்து சதக் குற்றி அளவில், புதியதொரு கறை.

"அதுவும் நூலாய்த்தான் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டே அயலவர் கத்தியைத் தேடப் போனார்.