புந்தேலர் குலம்

தேசிங்கு ராஜன் கதையைக் கேளாத தமிழ் மாணவர் சிலரே இருப்பர். பாராசாரி என்னும் அவனது குதிரையும், மணப்பந்தலை விட்டுப் போர்க்களம் புகுந்த முஸ்லிம் தோழனும் கதைப்பாட்டில் இன்றும் வாழ்கின்றனர். ஆயினும், அவன் எக்குலத்தவன், எந்நாட்டிலிருந்து வந்த குடியினன் என்று கேட்டால் பலர் விடை கூற மாட்டார். அவன் இயற்பெயர் தேஜ் சிங். புந்தேலர் என்னும் இராஜபுத்திரக் குலத்தில் பிறந்தவன்.

இராஜபுத்திரர் என்றதும் நம் நினைவு மேவாருக்கும் பாலைநிலத்துக்கும் செல்லும். புந்தேலர் வாழ்ந்தது அங்கன்று. யமுனைக்குத் தெற்கே, விந்தியக் குன்றுகளும் காடுகளும் நிறைந்த நிலம் அவர்களுடையது. அவர்கள் பெயராலேயே அது புந்தேல்கண்டம் எனப்பட்டது. அக்குலத்து உருத்திர பிரதாபன் 1531-இல் பேத்வா ஆற்றங்கரையில் ஓர்ச்சா நகரை நிறுவினான். பாபர் பானிப்பட்டில் வென்று அப்போது ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. ஓர்ச்சாவும் முகலாய அரசும் ஏறக்குறைய ஒரே வயதின எனலாம். அவ்வரசுக்குப் பணிவதா, அதனை எதிர்ப்பதா என்னும் வினா அக்குலத்தைப் பன்முறை பிளந்தது.

1602-இல் வீரசிங்க தேவன் என்னும் புந்தேலன், இளவரசர் சலீமின் ஏவலால், அக்பரின் நண்பரும் பேரறிஞருமான அபுல் பசலை வழிமறித்துக் கொன்றான். இதனை வீரம் என்று கூற எனக்கு நா எழவில்லை. சலீம் ஜஹாங்கீராக முடிசூடியபின் ஓர்ச்சா அரியணை வீரசிங்கனுக்குக் கிடைத்தது. தத்தியாவின் ஏழடுக்கு மாளிகையும் ஜான்சிக் கோட்டையும் அவன் எடுப்பித்தவை. 1857-இல் இராணி இலட்சுமிபாய் காத்து நின்றது அக்கோட்டையையே. அவ்வாண்டு அவளைத் தாக்க வந்தவர்களுள் ஓர்ச்சாப் படையினரும் இருந்தனர் என்பது வரலாற்றின் விந்தை.

வீரசிங்கனுக்குப் பின் ஆண்ட மகன் ஜுஜார் சிங், தன் மனைவிக்கும் தம்பி ஹர்தௌலுக்கும் தகாத உறவு இருப்பதாக ஐயுற்றான். கற்பை மெய்ப்பிக்க வேண்டுமாயின் தம்பிக்கு உன் கையாலேயே நஞ்சிடு என்று அவளைப் பணித்தானாம். தாய்போல் மதித்த அண்ணியின் மானம் காக்க, ஹர்தௌல் அறிந்தே அதனை உண்டு மாண்டான் என்பது அந்நாட்டு வழக்கு. அதன்பின் தன் தமக்கை மகளின் திருமணத்துக்கு அவன் ஆவியுருவில் வந்து சீர் செய்தான் என்றும் கூறுவர். தாய்மாமன் சீரின் பெருமையைத் தமிழர்க்கு விளக்க வேண்டுவதில்லை அன்றோ! புந்தேல்கண்டத்துச் சிற்றூர்களில் ஹர்தௌலுக்கு மேடைகள் உண்டு. மணவீட்டார் முதல் அழைப்பை அங்கே வைப்பது வழக்கம். அண்ணனோ 1635-இல் ஷாஜஹானின் படைக்கு ஓர்ச்சாவை இழந்து, காட்டுக்குள் ஓடிக் கோண்டர் கையில் மடிந்தான். அவனுக்கு மேடை கட்டினார் எவருமிலர்.

பின்னர்த் தோன்றிய சத்ரசாலன் முதலில் முகலாயப் படையில் பணியாற்றியவன். தக்காணத்தில் சிவாஜியைக் கண்டு உரையாடி, நாடு திரும்பி, 1671-இல் ஔரங்கசீப்புக்கு எதிராகக் கொடி உயர்த்தினான். பன்னாவைத் தலைநகராகக் கொண்டு தனியரசு அமைத்தான். முதுமையில் பகைவர் சூழ்ந்தபோது, 1729-இல் பேஷ்வா பாஜிராவ் விரைந்து வந்து அவனைக் காத்தார். நன்றிக்கடனாகத் தன் நாட்டில் மூன்றிலொரு பங்கை அவருக்கு அளித்தான்.

வடக்கே சத்ரசாலன் முகலாயரை எதிர்த்த நாளில், தெற்கே அவன் குலத்தவர் சிலர் முகலாயருக்காகவே போரிட்டனர். 1690 முதல் 1698 வரை, சிவாஜியின் மகன் இராஜாராமின் புகலிடமான செஞ்சியை வளைத்த படையில் தத்தியாத் தலைவன் தல்பத் ராவ் புந்தேலனும் இருந்தான். கோட்டை வீழ்ந்தபின் அதன் காவல் சொரூப் சிங் புந்தேலனிடம் வந்தது. அவன் மகனே தேசிங்கு. தந்தைக்குப்பின் கோட்டையைத் தன் உரிமையென ஏற்று, ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லா கான் கேட்ட பாக்கிப் பணத்தைத் தர மறுத்தான். 1714 அக்டோபரில், சில நூறு வீரருடன் பெரும்படையை எதிர்த்துக் களத்தில் மாண்டான். அவனுடைய இளம் மனைவி தீப்புகுந்தாள். அவள் நினைவாக நவாபு பாலாற்றங்கரையில் அமைத்த ஊரே இராணிப்பேட்டை என்பர். 2019 முதல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகர்.