தலை மரத்தில்... உடல் எங்கே? அயுத்தயா புத்தர்!

பாங்காக்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரப் பயணம், அயுத்தயா வந்துவிடும். ஆமாம், ராமரின் அயோத்தி தந்த பெயர்தான்! 400 ஆண்டுகளுக்கும் மேல் சயாமின் தலைநகரம். 1767-ல் பர்மியப் படை கொளுத்திவிட்டுப் போனது.

வாட் மகாதாட் கோயிலில், மர வேர்கள் அணைத்துக்கொண்டிருக்கும் புத்தர் தலையைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டமும். போட்டோ வேண்டுமா? குனிந்தோ, உட்கார்ந்தோ எடுங்கள். நம் தலை அவர் தலைக்கு மேலே இருக்கக் கூடாது. சுற்றிலும் தலையில்லாத புத்தர்கள். அந்தத் தோள்மேல் நம் முகம் தெரிகிற மாதிரி செல்ஃபி மட்டும் வேண்டவே வேண்டாம். அது அங்கே பெரிய அவமரியாதை.

பக்கத்திலேயே வாட் ராட்சபுரானா. 1957-ல் திருடர்கள் இதன் நிலவறையை உடைத்துத் தங்கத்தை அள்ளிப்போனார்கள். மீட்டதும் மிஞ்சியதும் ஊர் மியூசியத்தில் இருக்கின்றன. அவசியம் பாருங்கள்.