பட்டாவுக்கு ஒரு நகல். நகலுக்கு ஒரு பூட்டு!

மூணாறிலிருந்து சுமார் 45 கிலோ மீட்டர். டாப் ஸ்டேஷனையும் பாம்பாடும் சோலையையும் தாண்டி இறங்கினால், படிப்படியாகச் சரியும் வயல்களோடு வட்டவடை தெரிகிறது. பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், கோஸ் விளையும் பூமி. வீட்டிலே தமிழ், ஆபீஸ் காகிதத்திலே மலையாளம்.

இங்குள்ள விவசாயி விளைந்த பூண்டு முழுவதையும் விற்றுவிடுவதில்லை. அடுத்த பட்டத்துக்கு விதைப் பூண்டைத் தனியே எடுத்து வைக்கிறார். அவரது நிலப் பதிவுக்கும் அப்படி ஒரு விதை வேண்டாமா?

வில்லேஜ் ஆபீஸில் கரம் கட்டினால், முன்பு பேரேட்டில் எழுதினார்கள். இன்று கம்ப்யூட்டரில் ஏறுகிறது. கேரள அரசின் டேட்டா சென்டர்கள், அதாவது பதிவுகளைக் காக்கும் கம்ப்யூட்டர் கிடங்குகள், திருவனந்தபுரத்தில் உள்ளன. நில உரிமை பற்றிய வழக்குகளும் விசாரணைகளும் ஓயாத பகுதி இது. சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் ஒரு குடும்பம் ஆபீஸ் படி ஏறி இறங்க வேண்டியதுதான்.

ஒரே இடத்தில் வைத்தால்?

2025 செப்டம்பர் 26-ல் தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசு டேட்டா சென்டர் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் சேமித்திருந்த 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. அவற்றுக்கு வேறு ஊரில் நகல் இல்லை. நம் நாட்டில் தேசியத் தகவல் மையம் டெல்லி, புனே, ஐதராபாத், புவனேசுவரம் முதலிய ஊர்களில் கிடங்குகள் வைத்திருக்கிறது. ஓரிடத்தில் வெள்ளமோ தீயோ வந்தாலும் மற்றோர் இடம் பிழைக்கும் அல்லவா?

வழியில்தான் ஆபத்து

ஆனால் நகலை அனுப்பும் வழியிலும் கண் வேண்டும். 2007 அக்டோபரில் பிரிட்டனின் வரித்துறை, சுமார் 2 கோடியே 50 லட்சம் பேரின் விவரங்களை இரண்டு தகடுகளில் பதிந்து லண்டனுக்கு அனுப்பியது. பதிவுத் தபால்கூட இல்லை. கடவுச்சொல் இருந்தது, ரகசிய எழுத்தாக மாற்றவில்லை. தகடுகள் போய்ச் சேரவே இல்லை. துறைத் தலைவர் பதவி விலகினார்.

இதைத் தடுக்கும் முறை, தபால் கட்டும் குமாஸ்தாவுக்குப் புதிதல்ல. முதலில், கிடங்கை விட்டுக் கிளம்பும் முன்பே நகலைப் பூட்டவேண்டும். சாவியில்லாதவருக்கு அது வெறும் கிறுக்கல். இரண்டாவது, சாவி அதே வண்டியில் போகக்கூடாது. மூன்றாவது, அரக்கு முத்திரை. நகல் முழுவதையும் கணக்கிட்டு ஒரு குறியீடு எடுக்கிறார்கள். சேருமிடத்தில் மறுபடி கணக்கிடும்போது ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குறியீடு ஒத்துவராது. அந்தக் குறியீட்டையும் நகலோடு சேர்த்து அனுப்பாமல் வேறு வழியில் அனுப்பவேண்டும். இல்லையேல் திருத்துகிறவன் இரண்டையும் திருத்திவிடுவான். நான்காவது, வந்த நகலைத் திறந்து ஓட்டிப் பார்க்கவேண்டும். முளைக்காத விதையைப் பத்திரப்படுத்தி என்ன பயன்?

நம் பங்கு

2018 வெள்ளத்தில் கேரளத்தில் எத்தனையோ குடும்பங்கள் பத்திரங்களை இழந்தன. நகல் வழங்க அரசு அதாலத்துகள் நடத்தியது. எங்கோ பதிவு பிழைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

கிடங்குகளை அரசு பார்த்துக்கொள்ளட்டும். நாம் செய்யக்கூடியதும் உண்டு. கரம் கட்டிய ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். பட்டா, பாஸ்புக், பி.எப். காகிதங்களின் நகலை ஊரில் நம்பகமான உறவினர் வீட்டிலும் ஒரு செட் வையுங்கள். டெலிபோனில் மட்டும் படமெடுத்து வைத்தால், டெலிபோன் தொலையும்போது எல்லாம் தொலையும். முன்பின் தெரியாதவருக்கு ஆதார் நகலை அனுப்பாதீர்கள். ஆண்டுக்கு ஒருமுறை கரம் கட்டும்போது, கம்ப்யூட்டரில் உங்கள் பெயரும் சர்வே எண்ணும் பரப்பளவும் சரியாக இருக்கின்றனவா என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

மலையாளம் வாசிக்கத் தெரியாதென்று கூச்சப்பட வேண்டாம். நிலம் உங்களுடையது, கேட்கும் உரிமையும் உங்களுடையதே.