நாலு சக்கரத்திலும் எடை சமமா? ரேஸ் டிராக்குக்கு காரை 'செட்' செய்யும் சூட்சுமம்!

2025 ஜனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேர கார் பந்தயத்தில், நடிகர் அஜித்குமாரின் அணி 992 பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. கையில் தேசியக் கொடியோடு அவர் நின்ற காட்சியைப் பார்க்காத செல்போனே தமிழ்நாட்டில் இருந்திருக்காது. அந்த அணி ஓட்டிய கார், போர்ஷே 911 ஜிடி3 கப்.

ரேஸ் கார் என்றாலே நமக்கு முதலில் தோன்றும் கேள்வி, 'எவ்வளவு வேகம் போகும்?' என்பதுதான். ஆனால், காரைப் பந்தயத்துக்குத் தயார்செய்யும் மெக்கானிக்குகள் கேட்கும் கேள்விகள் வேறு. 'ஒவ்வொரு சக்கரத்திலும் எத்தனை கிலோ நிற்கிறது? சக்கரம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது?'

காரணம் எளிமையானது. நேர்ச்சாலையில் ஆக்ஸிலரேட்டரை யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். நேரம் கூடுவதும் குறைவதும் வளைவுகளில்தான். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களுக்கு 1990-ல் கிடைத்த நிரந்தர வீடு அது. சுமார் 3.7 கி.மீ நீளத்துக்குள் 12 வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் காரைத் தாங்கிப் பிடிப்பது, தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் டயர் பரப்பு மட்டுமே. ஒரு சக்கரத்துக்கு அது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நான்கு உள்ளங்கைகளும் ஒழுங்காகத் தரையில் பதியவில்லையென்றால், எத்தனை குதிரைத்திறன் இருந்தும் பயனில்லை, ஆபத்தும்கூட.

சொந்த காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கும் 'டிராக் டே'க்களும் இப்போது நம் ஊரில் நடக்கின்றன. அதனால், இந்த விஷயம் பந்தய வீரர்களுக்கு மட்டுமானது இல்லை.

டீக்கடை மேஜை சொல்லும் பாடம்

டீக்கடையில் நாலு கால் மேஜை ஆடினால் என்ன செய்வோம்? அட்டையை மடித்து ஒரு காலுக்குக் கீழே செருகுவோம். அப்படிச் செருகும்போது அந்தக் காலில் மட்டும் எடை கூடுவதில்லை. அதற்கு மூலைவிட்டமாக, எதிர்ப்பக்கத்தில் இருக்கும் காலிலும் எடை கூடுகிறது. மற்ற இரண்டு கால்களிலும் குறைகிறது.

ரேஸ் காரின் 'கார்னர் பேலன்ஸிங்' என்பதும் இதேதான். அட்டைக்குப் பதில், ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் வளையம். அதைத் திருகினால் அந்த மூலை உயரும் அல்லது தாழும்.

உதாரணத்துக்கு, டிரைவரோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு ஸ்போர்ட்ஸ் காரை நான்கு எடை மேடைகள்மீது நிறுத்துவோம். முன் இடது சக்கரத்தில் 320 கிலோ, முன் வலதில் 300, பின் இடதில் 270, பின் வலதில் 310 கிலோ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முன் வலதையும் பின் இடதையும் கூட்டினால் 570 கிலோ. முன் இடதையும் பின் வலதையும் கூட்டினால் 630 கிலோ. இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையே 60 கிலோ வித்தியாசம்.

கண்ணுக்கு கார் நேராகத்தான் நிற்கும். ஆனால், டிராக்கில் அது இரட்டை வேடம் போடும். இடப்பக்க வளைவில் பின்பகுதி வழுக்கிக்கொண்டு வெளியே வரப் பார்க்கும், இதுதான் ஓவர்ஸ்டீயர். வலப்பக்க வளைவில் மூக்கு திரும்பாமல் நேராகப் போக அடம்பிடிக்கும், இது அண்டர்ஸ்டீயர். பிரேக்கை ஓங்கி மிதித்தால், எடை குறைவாக இருக்கும் முன் வலது சக்கரம் முதலில் பிடியை இழக்கும். ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும் காரை நம்பி, 150 கி.மீ வேகத்தில் எப்படி வளைவுக்குள் போவது?

தீர்வு, 15 கிலோ கணக்கு. ஸ்பிரிங் வளையங்களை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி முன் வலதிலும் பின் இடதிலும் தலா 15 கிலோ ஏற்ற வேண்டும். மற்ற இரண்டிலும் தலா 15 கிலோ தானாகவே இறங்கும். இப்போது 305, 315, 285, 295. இரண்டு மூலைவிட்டங்களிலும் சரியாக 600 கிலோ.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இடப்பக்க மொத்தம் முன்பும் 590 கிலோதான், இப்போதும் 590 கிலோதான். முன்பக்க மொத்தமும் 620 கிலோவில் இருந்து மாறவில்லை. எத்தனை முறை திருகினாலும் மூலைவிட்டம்தான் மாறும். இடம்-வலம், முன்-பின் கணக்கு மாற வேண்டுமானால், பேட்டரி மாதிரி கனமான பொருளைத் தூக்கி வேறு இடத்தில்தான் வைக்க வேண்டும்.

டிரைவரும் எடைதான்!

எடை போடும்போது டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் வர முடியவில்லையென்றால், அவர் எடைக்கு மணல் மூட்டையாவது வைக்க வேண்டும். 75 கிலோ மனிதர் என்பது மூன்று 25 கிலோ அரிசிச் சிப்பங்களுக்குச் சமம். நம் ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம். அதனால், டிரைவர் மட்டும் ஏறிய கார் வலப்பக்கம் கனமாகத்தான் இருக்கும். ஆளில்லாமல் எடுத்த கணக்கு, ஆள் ஏறியதும் தப்பாகிவிடும்.

பெட்ரோலும் அப்படித்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் சுமார் முக்கால் கிலோ. 100 லிட்டர் என்றால் 75 கிலோ, அதாவது இன்னோர் ஆள்! 24 மணி நேரப் பந்தயத்தில் டிரைவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். பெட்ரோலும் தீர்ந்து தீர்ந்து நிரம்பும். ஆகவே, எல்லாருக்கும், எல்லா நேரத்துக்கும் பொருந்துகிற ஒரு நடுநிலையைத்தான் அணிகள் தேடுகின்றன. பாதி டேங்க் பெட்ரோலுடன் எடை போடுவது அதற்காகத்தான்.

தரையும் சமமாக இருக்க வேண்டும். சில மில்லிமீட்டர் மேடு பள்ளம் இருந்தாலே மேடை காட்டும் எடை மாறிவிடும். கொத்தனார் கையில் இருக்கும் ரசமட்டம் இங்கேயும் தேவைப்படுவது அதனால்தான். டயர் காற்றழுத்தத்தை முதலிலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். இடது, வலது சஸ்பென்ஷனை இணைக்கும் ஆன்ட்டி ரோல் பாரை ஒரு பக்கம் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால், அது முறுக்கிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும்.

முன்பம்பருக்குள் ஒளிந்திருந்த இரும்பு!

எடை எங்கே இருக்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு போர்ஷே 911-ன் வரலாறே சாட்சி. இந்த காரின் இன்ஜின், பின் சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. மொத்த எடையில் ஏறக்குறைய 60 சதவிகிதம் பின்பக்கம்தான். வளைவிலிருந்து வெளியேறும்போது இது பெரிய வரம். பின் சக்கரங்கள் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு காரைத் தள்ளும்.

அதே பாரம் சாபமாகவும் மாறும். வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரில் இருந்து சட்டென்று காலை எடுத்தால், எடை முன்னால் சாயும். பின் டயர்களின் பிடி தளரும். கயிற்றில் கட்டிய கல் மாதிரி பின்பகுதி வெளியே வீசும். 1960-களின் 911 கார்களுக்கு இந்தக் கெட்ட பெயர் இருந்தது. போர்ஷே அப்போது செய்த வைத்தியம் சுவாரஸ்யமானது. முன்பம்பரின் இரண்டு முனைகளிலும் தலா 11 கிலோ வார்ப்பிரும்பை ஒளித்துவைத்தார்கள். பிறகு, 1969 மாடலில் முன், பின் சக்கரங்களுக்கு இடையேயான தூரத்தை 57 மி.மீ கூட்டினார்கள். பேட்டரியை இரண்டாகப் பிரித்து, முன்பக்க மூலைக்கு ஒன்றாக வைத்தார்கள். வேகத்துக்காகப் பிறந்த காரில் கூடுதல் இரும்பை ஏற்றியிருக்கிறார்கள் என்றால், சமநிலையின் மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

கேம்பர், டோ, காஸ்டர்

எடைக் கணக்கு முடிந்த பிறகுதான் வீல் அலைன்மென்ட். உயரத்தை மாற்றினால் சக்கரத்தின் கோணங்களும் மாறும் என்பதால், இந்த வரிசையை மாற்றக் கூடாது.

முதலாவது கேம்பர். முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கமாகச் சாய்ந்திருப்பது நெகட்டிவ் கேம்பர். சாலை கார்களில் இது பெரும்பாலும் ஒரு டிகிரிக்குள் இருக்கும். டிராக்கில் ஓட்டும் கார்களில் 2 முதல் 3 டிகிரி வரை வைப்பது வழக்கம். வளைவில் கார் வெளிப்பக்கமாகச் சாயும்போது, வெளிப்பக்க டயரும் அதன் ஓரத்தில் ஏறி நிற்கப் பார்க்கும். முன்கூட்டியே உள்பக்கம் சாய்த்துவைத்தால், அந்த நேரத்தில் டயர் முழுசாகத் தரையில் பதியும். அளவுக்கு மீறினால், நேர்ச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது உள் ஓரம் மட்டுமே தரையில் இருக்கும். கார் நிற்கும் தூரம் கூடும்.

இரண்டாவது டோ. மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களின் முன்முனைகளும் உள்நோக்கி இருந்தால் டோ-இன். வெளிநோக்கி இருந்தால் டோ-அவுட். முன் சக்கரங்களில் ஓரிரு மில்லிமீட்டர் டோ-அவுட் வைத்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் சட்டென்று மூக்கைத் திருப்பும். பின் சக்கரங்களில் சிறிது டோ-இன் வைத்தால், பின்பகுதி அடங்கி நடக்கும். பின்னால் டோ-அவுட் வைத்துவிட்டால், அனுபவசாலிகளையே அந்த கார் சுற்றிவிட்டு வேடிக்கை பார்க்கும்.

டோ தவறினால் டயருக்குத்தான் கேடு. ஒரு சக்கரம் நேர்கோட்டிலிருந்து அரை டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே போகிறது என்று அர்த்தம். புது டயர் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே மொட்டையாவதன் ரகசியம் இதுதான்.

மூன்றாவது காஸ்டர். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது இல்லையா, அந்தச் சாய்வுதான். கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போக இதுவும் உதவுகிறது. காரில் காஸ்டரைக் கூட்டினால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் வெளிப்பக்கச் சக்கரத்துக்கு கூடுதல் நெகட்டிவ் கேம்பர் கிடைக்கும். ஸ்டீயரிங் கொஞ்சம் கனக்கும் என்பதே விலை.

இதையெல்லாம் அளக்க லேசர் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும், பந்தய பிட்களில் இன்றும் நூல் கட்டி அளப்பவர்கள் இருக்கிறார்கள். காரின் இரு பக்கமும் சக்கரத்தின் மைய உயரத்தில் இணையாக நூல் கட்டி, நூலுக்கும் ரிம்மின் முன், பின் விளிம்புகளுக்கும் உள்ள தூரத்தை ஸ்டீல் ஸ்கேலால் அளப்பார்கள். அந்த வித்தியாசம்தான் டோ. சுவர் எழுப்பும் கொத்தனாரின் அதே நூல்தான்!

டயர் பொய் சொல்லாது

ஒர்க்‌ஷாப்பில் வைத்த அளவு சரியா என்பதைத் தீர்ப்பு சொல்வது டயர். சில சுற்றுகள் ஓட்டிவிட்டு பிட்டுக்கு வந்த உடனே, டயரின் உள் ஓரம், நடு, வெளி ஓரம் என மூன்று இடங்களில் வெப்பத்தை அளப்பார்கள். வெளி ஓரம் அதிகம் சுட்டால், நெகட்டிவ் கேம்பர் போதவில்லை. உள் ஓரம் மட்டும் மிக அதிகமாகச் சுட்டால், கேம்பர் கூடிப்போச்சு. நடுப்பகுதி சுட்டால் காற்று அதிகம். நடு மட்டும் ஆறியிருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் சற்றே கூடுதலாக இருந்தால் நல்ல அறிகுறி.

வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு சாக்பீஸ் போதும். டயரின் ஓரத்திலிருந்து பக்கவாட்டுச் சுவர் வரை ஒரு கோடு போட்டுவிட்டு ஓட்டுங்கள். கோடு எதுவரை அழிந்திருக்கிறதோ, அதுவரை டயர் மடங்கித் தரையைத் தொட்டிருக்கிறது.

முதல்முறை டிராக்குக்குப் போகிறீர்களா?

* சாதாரண கார்களில் ஸ்பிரிங் உயரத்தை மாற்றும் வசதி இருக்காது. அதற்காகக் கவலை வேண்டாம். ஸ்டெப்னி, ஜாக்கி, டிக்கியில் கிடக்கும் சாமான்களை இறக்கிவையுங்கள். வேகத்தில் உருளும் தண்ணீர் பாட்டில்கூட பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கலாம்.

* கம்பெனி சொன்ன அளவில் வீல் அலைன்மென்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த அளவின் முழு குணத்தையும் தெரிந்துகொண்ட பிறகு மாற்றங்களை யோசிக்கலாம்.

* டயர் சூடானால் அழுத்தம் 5, 6 பி.எஸ்.ஐ வரை ஏறுவது சாதாரணம். ஓட்டி முடித்து வந்ததும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன்பு, டயர் ஆறியதும் மறுபடி சரிசெய்யுங்கள்.

* ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். கேம்பர், டோ, காற்று மூன்றையும் ஒன்றாக மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவையுங்கள்.

* பிரேக் ஆயில், பிரேக் பேடு, வீல் நட் மூன்றையும் பார்க்காமல் டிராக்கில் இறங்காதீர்கள்.

* 3 டிகிரி கேம்பரோடு தினமும் ஆபீஸ் போய்வந்தால் டயரின் உள் ஓரம் சீக்கிரமே தேய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியாது. மழை நாளில்தான் தெரியும். டிராக் வேலை முடிந்ததும் சாலைக்கான அளவுக்குத் திரும்பிவிடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் டைமரில் குறைவது சில விநாடிகளாகவோ, அதன் பின்னங்களாகவோதான் இருக்கும். உண்மையான லாபம் வேறு. இடது வளைவிலும் வலது வளைவிலும், பிரேக்கிலும் ஆக்ஸிலரேட்டரிலும் கார் அடுத்து என்ன செய்யும் என்று ஓட்டுபவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கத்தான் ஆம்புலன்ஸும், கொடி காட்டும் மார்ஷல்களும், ஓடி நிற்க இடமும் உள்ள டிராக் இருக்கிறது. அதற்கான இடம் இருங்காட்டுக்கோட்டைதான், இசிஆர் இல்லை!