தன்னைத் தானே செரிக்காத சுரப்பி

உணவிலுள்ள புரதத்தைச் சிதைக்கும் பணியில் பெரும்பங்கு கணைய நொதிகளுக்கு உரியது. கணையமும் புரதம் மிகுந்த செல்களால் ஆனதே. அவ்வாறாயின், தான் ஆக்கும் நொதிகளால் அது ஏன் அழிவதில்லை?

இரைப்பைக்குப் பின்புறம், முன்சிறுகுடலின் வளைவில் தலைப்பகுதி பொருந்துமாறு அமைந்துள்ள கணையம் ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுடையது. செரிமான நொதிகளை ஆக்குபவை இதன் அசினார் செல்கள். எண்டோபிளாச வலைப்பின்னலின் ரைபோசோம்களில் உருவாகும் நொதி, கோல்கை உறுப்பை அடைந்து, சவ்வு சூழ்ந்த துகள்களில் அடைக்கப்படுகிறது. இப்பாதையைக் கதிரியக்க அமினோ அமிலங்களின் துணையால் படிப்படியாகக் கண்டறிந்தவர் ஜார்ஜ் பாலாடே. அவர் பெரிதும் ஆய்ந்தது கினிப் பன்றியின் கணையத்தையே. 1974ஆம் ஆண்டின் நோபல் பரிசு பெற்றோருள் அவரும் ஒருவர்.

துகள்களில் இருப்பது டிரிப்சின் அன்று. அதன் செயலற்ற முன்வடிவமாகிய டிரிப்சினோஜன். உறையிலிட்ட வாளுக்கு இதனை ஒப்பிடலாம். அமைலேஸுக்கு இத்தகைய உறை தேவையில்லை. அது சிதைப்பதற்குரிய ஸ்டார்ச் கணையத்தில் இல்லை. தற்செயலாகச் சிறிதளவு டிரிப்சின் தோன்றினும், அதனைப் பற்றி முடக்கும் தடைப்புரதம் ஒன்றும் அங்கேயே உள்ளது. நொதிகளை ஆக்குவதைக் காட்டிலும் அவற்றை அடக்கி வைப்பதே கணையத்தின் அரிய பணி எனலாம்.

இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவுக்கூழ் முன்சிறுகுடலை அடைந்ததும், அதன் சுவரிலிருந்து இரண்டு ஹார்மோன்கள் இரத்தத்தில் கலக்கின்றன. கோலிசிஸ்டோகைனின் நொதிகளை வெளியேற்றத் தூண்டுகிறது. செக்ரிடின், அமிலத்தை நடுநிலையாக்கும் பைகார்பனேட் நீரைச் சுரக்கச் செய்கிறது. கணையத்தை நரம்புகளே ஏவுகின்றன என்று கருதப்பட்ட காலத்தில், 1902இல் இலண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் சிறுகுடல் பகுதிக்குச் செல்லும் நரம்புகளைத் துண்டித்து, அப்பகுதியில் அமிலத்தைச் செலுத்தினர். கணையம் அப்போதும் சுரந்தது. செக்ரிடின் அறியப்பட்டது இவ்வாறே.

கணைய நீர் குடலை அடைந்த பின்னரே வாள் உறையை நீங்குகிறது. குடற்சுவரிலுள்ள என்டிரோகைனேஸ், டிரிப்சினோஜனின் சிறு துண்டை வெட்டி நீக்க, அது டிரிப்சினாகிறது. அந்த டிரிப்சின் ஏனைய முன்நொதிகளையும் எழுப்பிவிடுகிறது.

பித்தக்கல் நாளத்தை அடைக்கும்போதும், மிகுதியாக மது அருந்துவோரிடமும் இவ்வொழுங்கு குலைவதுண்டு. டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்தெழ, சுரப்பி தன்னைத் தானே செரிக்கத் தொடங்குகிறது. இதுவே கடுங்கணைய அழற்சி. மேல்வயிற்றில் எழுந்து முதுகுக்குப் பரவும் கொடிய வலி இதன் முதன்மை அறிகுறி, உயிரிழப்பும் நேரக்கூடும். சிதைந்த செல்களிலிருந்து கசியும் அமைலேஸும் லிப்பேஸும் இரத்தத்தில் மிகுந்திருப்பதைக் கொண்டு மருத்துவர் இந்நோயை அறிகின்றனர்.